பாழ் நெற்றி

இது கட்டுக்கதை இல்லை. தில்லி கரோல் பாக்கில் இன்றும் குடியிருக்கும் கோமளாவுக்கு நடந்தது. பொய் சொல்கிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே பயந்து காட்டுவார்கள். கோமளாவுக்கோ முதலில் வந்தது எரிச்சல்தான்.

எரிச்சல் முழுக்க மாமியார் மங்களத்தின் மேல். நல்ல மனுஷிதான். விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள். பிள்ளை, மருமகள், சிலிண்டர் கொண்டுவரும் பையா... யாராக இருந்தாலும் விபூதி இடாமல் வாசற்படி தாண்ட விடமாட்டாள். மூன்று விரலால் வழித்து அப்புவாள்.

“பாழ் நெத்தியோட வெளியில போகப்படாதுடி கொழந்தே.”

போட்ட பவுடர் கலையும். மெட்ரோ தவறும். கல்யாணமான நாளிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு நெற்றியைக் காட்டினாள் கோமளா.

போன தையில் மங்களம் போய்ச் சேர்ந்தாள். “ரெண்டு பிள்ளையும் சேர்ந்து நின்னு என்னைக் கங்கையில கரைக்கணும்” என்பதுதான் அவள் கடைசியாகக் கேட்டது. பெரியவன் வெங்கி, கோமளாவின் கணவன், கூடவே இருந்தான். சின்னவன் மது கனடாவில். காரியத்துக்கே வரவில்லை. லீவு இல்லை, டிக்கெட் இல்லை, குழந்தைக்குப் பரீட்சை... அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் சுடுகாட்டு லாக்கரில் வைத்துப் பூட்டினார்கள். மாதங்கள் ஓடின.

சித்திரையில் ஒரு நாள். காலை 8.40. மெட்ரோ வாசலில் சோதனை செய்யும் பெண் கோமளாவின் நெற்றியைக் காட்டினாள்.

“மேடம், யே க்யா லகா ஹை?” என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்டாள்.

செல்போனில் பார்த்தாள். வெள்ளைக் கீற்று.

வெங்கியின் குறும்பு என்று நினைக்கவும் வழியில்லை. அவன் அந்த வாரம் வெளியூரில் இருந்தான். துடைத்தாள். விரலில் நரநரவென்றது. விபூதி அப்படி இருக்காதே...

மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாளும்.

விபூதிச் சம்படத்தைக் காரியம் முடிந்த கையோடு கழுவிப் பரணில் போட்டிருந்தாள். ஏறிப் பார்த்தாள். காலி.

ஒரு நாள் காலை. செருப்பை மாட்டிக்கொண்டு, கண்ணை அகலத் திறந்தபடி வாசலில் நின்றாள். யாரும் இல்லை.

நெற்றி சில்லென்றது.

மூன்று விரல்...

“செத்தும் விடமாட்டேளா?” கத்தியே விட்டாள். அழுகையும் வந்தது.

வெங்கி ஊரிலிருந்து வந்ததும் அவன் மேல் பாய்ந்தாள். “உங்க தம்பிக்கு லீவு கெடைக்கறதுக்குள்ள எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும். ஜல்தி வரச் சொல்லுங்கோ!”

ஒருவழியாக ஆவணியில் மது வந்து இறங்கினான். மூன்று பேரும் போய் லாக்கரைத் திறந்தார்கள். போட்ட பூட்டு போட்டபடி இருந்தது. குடத்தில் கட்டிய சிவப்புத் துணியும் கட்டியபடி. சாவி ஒரு நாளும் வெங்கியின் கொத்தை விட்டு அகன்றதில்லை.

ஹரித்துவார் படித்துறையில் வெங்கி முடிச்சை அவிழ்த்தான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

“கழுத்து வரைக்கும் இருந்ததுடா...”

பாதிகூட இல்லை.

மிச்சச் சாம்பலின் மேல் மூன்று தடம். விரலால் வழித்த தடம்.

கோமளாவின் கை தானாக நெற்றிக்குப் போனது. பக்கத்தில் மதுவின் கையும் போனது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கும்தான் மன்னி” என்றான் மது. “அங்கே... தெனமும். அதான் கிளம்பி வந்தேன்.”