காலிக் கட்டங்கள்

எல்லர்ஸ்லி என்ற புறநகரில், ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பசிபிக்கில் உள்ள ஒரு தீவு நாட்டில் மலேரியா எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று கணக்குப் போட்டு, கொசுவலைகளை முதலில் எந்தத் தீவுக்கு அனுப்புவது என்று அவர்களுக்குச் சொல்வதுதான் எங்கள் வேலை. அந்தத் தீவுகளில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. என் வீடு இருக்கும் பாபகூராவில் ரயிலேறி வந்து, கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, யார் யாருடைய காய்ச்சலையோ கூட்டிக்கொண்டிருப்பேன்.

ஒவ்வொரு சுகாதார நிலையமும் மாதத்துக்கு ஒரு படிவம் அனுப்பும். நோயாளி வராத மாதத்தில் பலர் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுவார்கள். சோம்பேறிகள் என்று திட்டுவேன். ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? காலியாக இருந்தால் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும்படி கணினி நிரலில் ஒரு வரி சேர்த்தேன்.

அந்த வருடம் ஒரு சின்னத் தீவு, வலை அனுப்பும் பட்டியலின் அடிக்குப் போயிற்று. மாதாமாதம் பூஜ்ஜியம். ‘சிறப்பான முன்னேற்றம்’ என்று அறிக்கையில் வேறு எழுதினேன். வலைகள் மற்ற தீவுகளுக்குக் கப்பலேறின.

பாராட்டலாம் என்றுதான் அந்தத் தீவின் நர்ஸைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டதும், கேலி செய்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டார். பிறகு சொன்னார். ரத்தப் பரிசோதனைக் கருவிகள் தீர்ந்து பல மாதங்களாகின்றன. பரிசோதனையில் உறுதியானவர்களை மட்டுமே எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. அதனால் காலியாக விட்டிருக்கிறார். பூஜ்ஜியம் போட்டால் பொய்யாகிவிடுமே என்றார். வாசலில் காய்ச்சல்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

என் மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

“காலியா இருந்தா இல்லையெண்டு ஏன் நினைச்சனீர்?”

“அப்படித்தான் எல்லாரும் விடுறாங்கன்னு நெனச்சேன் அண்ணா.”

“ஓம், சரி. இப்பவே அவைக்கு எழுதும். ஒண்டையும் ஒளிக்காதேயும்.”

அந்த நாட்டுச் சுகாதாரத் துறைக்கு எழுதினேன். இந்தச் சுற்று வலைகள் முடிந்துவிட்டன, அடுத்த சுற்றில் அந்தத் தீவுக்கே முதலிடம் என்று பதில் வந்தது. குற்ற உணர்ச்சி வரும் என்று காத்திருந்தேன். உள்ளே மரத்துப் போயிருந்தது. மதியம் தயிர்சாதம் சாப்பிட்டேன். ருசி தெரிந்தது. அதுதான் எனக்கே அருவருப்பாக இருந்தது.

சில வாரங்களில் கருவிகள் போய்ச் சேர்ந்தன. அடுத்த படிவம் எல்லாக் கட்டமும் நிரம்பி வந்தது. கூடவே ஒரு தனித் தாள். கருவி இல்லாத மாதங்களில் காய்ச்சலில் இறந்த குழந்தைகளின் பெயர்களும் வயதும். அறிகுறியெல்லாம் மலேரியாதான், ஆனால் பரிசோதிக்கவில்லை, இவர்களை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று அடியில் எழுதியிருந்தார்.

இரண்டு முறை படித்தேன். சேர்க்க ஒரு கட்டமும் இல்லை. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். பரிசோதனை இல்லாததால் இவர்களைக் கணக்கில் எடுக்க இயலாது என்று நர்ஸுக்குப் பதில் தட்டினேன்.

சரி, புரிகிறது, நன்றி என்று அன்றைக்கே எழுதியிருந்தார்.