மவுஸ் பிடித்த கை

பத்திரப்பதிவு அலுவலகத்தில் அவருக்குப் ‘படபடா’ என்று பெயர். கீபோர்டில் அவர் கை வைத்தால் அடுத்த அறை வரை சத்தம் கேட்கும். இருபத்திரண்டு வருடமாக ஊரார் வீடுகளையும் மனைகளையும் எல்லை பிசகாமல் தட்டச்சு செய்தவர். அவரே ஆண்டதென்றால் வீட்டு டிவியில் ஒரு ராஜ்யம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவரும் மனைவியும் கேம் கன்சோலில் படை நடத்துவார்கள். அவர் அதில் மவுஸையும் கீபோர்டையும் செருகிக்கொண்டு மேசை முன்னால் உட்காருவார். அவள் போக்குவரத்துப் போலீஸ். கையளவு கோல் ஒன்றைப் பிடித்து, நின்றபடியே வீசுவாள். கை போகும் பக்கம் திரையில் அம்புக்குறி போகும். நாற்சந்தியில் லாரியைத் திருப்புகிற தோரணையில் குதிரைப்படையைத் திருப்புவாள். வீச்சு கொஞ்சம் கூடினால் மொத்தப் படையும் ஆற்றில் இறங்கிவிடும். சண்டை போடச் சொன்னால் ஒட்டடை அடிக்கிறாயே என்று அவர் சீண்டுவார். உட்கார்ந்த இடத்தில் நகலெடுக்கிறவருக்கு யுத்தம் எப்படிப் புரியும் என்பாள் அவள். ஜெயிப்பது என்னவோ பெரும்பாலும் அவர்தான்.

அந்த மழைக்காலத்தில் அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. ஒரு பத்திரத்தில் எல்லை அளவில் ஒரு பூஜ்யம் கூடிப்போய் அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வீட்டில் மூச்சு விடவில்லை.

தொடர்ந்து இரண்டு ஞாயிறு அவர் தோற்றபோது அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்றாவது ஞாயிறு, அவருடைய வீரர்கள் அடி வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்கள். அவள் கோலை வைத்துவிட்டு வந்து, அவர் விரல் நுனியை நகத்தால் கிள்ளினாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“எத்தனை நாளாங்க?”

“ரெண்டு மாசம் இருக்கும்.”

“சட்டை பட்டன் போட இவ்வளவு நேரமான்னு தினமும் திட்டினேனே...”

“இந்தக் கை போச்சுன்னா எனக்கு வேற என்னம்மா தெரியும்?”

அவள் அந்தக் கையை விடவில்லை.

மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது என்று மருத்துவர் சின்ன அறுவை சிகிச்சை செய்தார். ஆறு வாரம் மவுஸைத் தொடக் கூடாது. கட்டுப்போட்ட கையோடு அவர் கோலை இடது கையில் வாங்கிப் பார்த்தார். படை நேராக ஆற்றுக்குப் போனது. முதலில் சிரித்தது அவர்தான்.

பிறகு இருவரும் ஒரே பக்கம் சேர்ந்தார்கள். அவள் கோலால் இடத்தைக் காட்ட, அவர் இடது கையால் கீபோர்டில் கட்டளையைத் தட்டினார். பாலத்துக்கு வலப்புறம், இன்னும் கொஞ்சம், அப்படியே பிடி என்று அவர் சொல்லச் சொல்ல அவள் கை அசையாமல் நின்றது. அரை மணி நேரத்தில் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது.

“டியூட்டில எவ்வளவு நேரம் இப்படித் தூக்கிட்டு நிப்பே?”

“யாரு கணக்கு பார்த்தா? தோள் விட்டுப்போச்சுன்னா ஷிப்ட் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.”

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இதை அவர் கேட்டதே இல்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவள் தோளைப் பிடித்துவிட்டார். மறுநாள், வாரத்தில் இரண்டு நாளாவது சிக்னல் கட்டுப்பாட்டு அறையில் பணி வேண்டும் என்று அவள் பெயரில் ஒரு விண்ணப்பம் அடித்தார். இடது கையால் அடித்ததில் ஒரு மணி நேரம் போனது. இரண்டு எழுத்துப் பிழை வேறு. அவள் எதையும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டாள். அடுத்த மாதமே அந்த இரண்டு நாள் கிடைத்தது.