சியுர் வீட்டு ஈஸ்ட்

‘மேற்கு நார்வேயின் பண்பாட்டுச் செல்வமான வீட்டு ஈஸ்ட்டை நான்கு தலைமுறையாக அயலார் கைபடாமல் காத்துவரும் குடும்பத்தின் தலைவர் சியுர். நிதானத்துக்கும் கவனத்துக்கும் பெயர்போனவர்.’

ஊராட்சி வெண்கலப் பலகையில் வார்த்த வாசகம் இது. சனிக்கிழமை சியுர் காய்ச்சிய பியரை எல்லோரும் குடித்துவிட்டு, அவர் வீட்டுச் சுவரில் பலகையை அறைவதாக ஏற்பாடு.

புதன்கிழமை படம் எடுக்க ஊராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சியுர் குளிர்பெட்டியிலிருந்து ஈஸ்ட் ஜாடியை எடுத்தார். முளைகட்டிய பார்லியின் வெதுவெதுப்பான சாற்றைக் கொஞ்சம் ஊற்றி, அந்த ஈஸ்ட் உறை விழித்துக்கொள்ளட்டும் என்று விறகடுப்பின் மேல் வைத்தார். பிறகு சூட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கறந்த பாலின் சூடுதான் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் ஈஸ்ட் செத்துவிடும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கவனம் போதாது. எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னார்.

“அது கொதிக்குதே, அப்படித்தான் இருக்கணுமா?” என்றாள் அந்தப் பெண்.

“முழிச்சுக்குது” என்றார் சியுர், திரும்பிப் பார்த்தபின், குரல் கொஞ்சம் இறங்கி.

அவள் போனதும் ஜாடியை ஆற்றி, பியருக்கான சாறு நிரம்பிய தொட்டியில் ஊற்றினார். ஊற்றும்போது தொண்டை கிழியக் கத்தினால்தான் பியருக்கு வேகம் வரும் என்பது அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட அறிவியல். கத்தினார். சாயங்காலம்வரை ஒரு நுரையும் இல்லை. மறுபடி கத்தினார். அப்புறம் இன்னொரு தடவை.

“செத்தது கத்தினா எந்திரிக்குமா? அஸ்லாக் வீட்டுல போய்க் கேளு” என்றாள் மனைவி ராக்னா.

“அவன்கிட்டயா? அவன் ஈஸ்ட் பன்னித் தொட்டிக்குக்கூட ஆகாதுன்னு ஊர்க்கூட்டத்துல சொன்னவன் நான்.”

“சொன்னவன்தானே போகணும்? இல்லாட்டி சனிக்கிழமை வர்றவங்களுக்கு மோர் ஊத்து.”

எதிர்வீட்டு அஸ்லாக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

“மூணு தடவை கத்தினியேப்பா. உறைதானே?”

“கொஞ்சம் போதும்.”

“பன்னித் தொட்டிக்கா?”

சியுர் அவர் நீட்டிய ஜாடியை வாங்கி முகர்ந்தார். ஆரஞ்சுத் தோல் வாசனை. “எங்க வீட்டு வாசனை மாதிரியே இருக்கே.”

“உங்க வீட்டுதுதான். என்னுது எப்பவோ பூசணம் புடிச்சுப் போச்சு, ராக்னாகிட்ட வாங்கினேன். நீ கூட்டத்துல திட்டினது இதைத்தான்.”

சியுர் வீட்டுக்கு வந்தார். ராக்னாவிடம் எதுவும் கேட்கவில்லை. ஈஸ்ட்டை ஊற்றினார், இந்தத் தடவை தெருவுக்குக் கேட்காத அளவில் கத்தினார். விடிவதற்குள் நுரை தொட்டி விளிம்பைத் தாண்டியது.

சனிக்கிழமை பலகையை அறைந்தார்கள். அஸ்லாக் இரண்டாம் குவளையைக் காலி செய்துவிட்டு, “அயலார் கைபடாத ருசி” என்றார். ஊராட்சித் தலைவர் அதை வழிமொழிந்தார். சியுர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சியுர் செய்தது இது: தன் ஈஸ்ட்டைக் கொதிக்கவைத்தார், எதிர்வீட்டில் கேட்டு வாங்கினார், பியர் பொங்கி முடிந்ததும் அடியில் தங்கிய ஈஸ்ட்டில் ஒரு ஜாடி நிறைய அஸ்லாக்குக்குத் திருப்பிக் கொடுத்தார்.