கருக்காத செயின்

என் பெண்டாட்டி அழகுத்தாய்க்கு வியாபாரம் பண்ணத் தெரியாது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் பத்துப் பேராவது சொல்வார்கள். சொல்கிறவன் வாயில் மண் விழ! ஒரு கவரிங் கடையை வைத்துக்கொண்டு மகளைப் படிக்க வைத்தவள், வீட்டுக்குத் தளம் போட்டவள் அவள்தான். நான் டவுன் பஸ் கண்டக்டர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போய்ப் போய் வருகிற ஆள். என் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது, அவ்வளவுதான்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. யார் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் குறையைச் சொல்லிவிடுவாள். "இது கவரிங்தான் தாயி. குளிக்கையில கழட்டி வையி. வேர்வ பட்டா ஆறு மாசத்துல கருத்துரும். கருத்தா கொண்டா, மாத்தித் தாரேன்." பக்கத்துக் கடைக்காரன் 'தங்கமே தோற்கும்' என்று போர்டு மாட்டி வைத்திருக்கிறான். இவள் இப்படிப் பேசினால் எனக்கு எப்படி இருக்கும்?

"ஏட்டி, விக்கிறதுக்கு முந்தியே நீயே கருப்பாக்கிருதியே" என்று சத்தம் போடுவேன்.

"நாளைக்கும் நான் இந்தத் தெருவுலதான நடக்கணும்" என்பாள்.

மகள் இந்துவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமானது. மாப்பிள்ளை பிரேம்குமார் கான்சாபுரத்துப் பையன், கிருஷ்ணன்கோவில் காலேஜில் லேப் வேலை. அவர்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அழகுத்தாய்க்கு ஒரே ஒரு பயம். கவரிங் கடைக்காரி தன் மகளுக்கும் கவரிங்கையே மாட்டி அனுப்பிவிட்டாள் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது. அதற்காகவே வருடக்கணக்கில் நகைச்சீட்டுப் போட்டு ஒரு கோதுமைச் செயின் எடுத்து வைத்திருந்தாள். அசல் தங்கம்.

இந்துவுக்கு அது பிடிக்கவில்லை. "இதெல்லாம் இப்ப யாரும்மா போடுதா? கழுத்த ஒட்டுன மாதிரி சோக்கர் செட்டுதான் எல்லாரும் போடுதாக. நம்ம கடையிலயே எம்புட்டு இருக்கு! இது போட்டோவுல தெரியக்கூடத் தெரியாது."

"போட்டோ ஒரு நாளைக்குட்டி. பொறவு காலம் பூரா நீ அந்த வீட்டுல இருக்கணும்ல? சோக்கர் வேணும்னா போட்டுக்கோ. செயினும் கெடக்கும்."

அந்தச் சமயம் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பீரோவை உடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இவளுக்குத் தூக்கம் இல்லை. கடைசியில் ஒரு யோசனை செய்தாள். கவரிங் கடைக்காரிக்குத்தான் அந்த யோசனை வரும். செயினைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மற்ற செயின்களைப் போலவே விலைச்சீட்டு ஒட்டி, கடைச் சரக்கோடு சரக்காக டப்பாவின் அடியில் வைத்துவிட்டாள். எந்தத் திருடன் கவரிங் டப்பாவைத் தொடுவான்? என்னிடம் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை.

ஆடிப்பூரத் தேர் வந்தது. கடையில் மூச்சுவிட இடமில்லாத கூட்டம். உதவிக்கு வந்த இந்து, மேலே இருந்தது தீரத் தீர அடியில் இருந்ததை எடுத்து விற்றிருக்கிறாள். கூட்டம் வடிந்த பிறகு டப்பாவைத் திறந்து பார்த்த அழகுத்தாய், செயினைக் காணாமல் அப்போதுதான் எங்களிடம் விஷயத்தைச் சொன்னாள்.

நான் கத்தினேன். கத்தாமல் என்ன செய்வேன்? "ஊருல உள்ளவன்லாம் லாக்கருல வைப்பான். நீ கூறுகட்டி விக்க வச்சிருக்க!" யாருக்கு விற்றோம் என்று இந்துவுக்கு ஞாபகம் இல்லை. அழுதுகொண்டே ஒரு வழி சொன்னாள். "கருத்துப்போனா மாத்தத் திரும்ப வருவாகல்லம்மா? அப்பப் பிடிச்சிரலாம்."

அழகுத்தாய் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "தங்கம் எங்கட்டி கருக்கும்?"

அதற்குப் பிறகு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசச் சீட்டுக் கொடுக்கும்போதெல்லாம் என் கண் அவர்கள் கழுத்துக்குப் போகும். சேத்தூர்க்காரம்மா ஒருத்தி, "சீட்டக் குடுத்தமா போனமான்னு இரும்யா, கழுத்துல என்ன பார்வை?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி நாறடித்தாள். அதோடு நானும் விட்டேன். சோக்கர் போட்டே மணவறையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று இந்து சொன்னாள். இவளுக்குச் சாப்பாடு குறைந்துபோனது.

மார்கழியில் ஒரு காலை. எனக்கு டூட்டி இல்லாததால் கடையில் இருந்தேன். கோவிலுக்கு வந்த ஒரு பெண் நேராகக் கடைக்குள் வந்தாள். பேர் பாண்டிசெல்வி, ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை.

"அக்கா, ஆடிப்பூரத்துக்கு இதை இங்கதான் வாங்குனேன். மில்லு வேர்வையில தெனமும் கெடக்கு, பொட்டுக்கூடக் கருக்கல. இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க, தங்கச்சி கேக்கா" என்று கழுத்துச் செயினை இழுத்துக் காட்டினாள்.

அழகுத்தாய் கொக்கியைத் திருப்பிப் பார்த்தாள். ஹால்மார்க் முத்திரை இருந்தது.

நான் பின்னால் நின்று ஜாடை காட்டினேன். பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று கழற்றி வாங்கு, அதே மாதிரி ஒன்றைக் கொடுத்து அனுப்பு. அதில் என்ன தப்பு? எங்கள் பொருள்தானே? உண்மையைச் சொன்னால் அவள், "காசு குடுத்து வாங்குனேன், போங்க" என்று எழுந்து போய்விட்டால் யாரிடம் போய் நிற்பது?

அழகுத்தாய் என் பக்கம் திரும்பவே இல்லை. கையை எடுத்துக்கொண்டு சொன்னாள். "இது கவரிங் இல்ல தாயி. தங்கம். என் மக கல்யாணத்துக்குச் சேத்தது. தெரியாம உன் கைக்கு வந்துருச்சு."

பாண்டிசெல்வி நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயையோ! தங்கமா? இதப் போட்டுக்கிட்டா நான் நைட் ஷிப்ட்டுக்குத் தன்னந்தனியா நடந்து போனேன்? எவனாவது அத்துட்டுப் போயிருந்தா உங்க புள்ளைக்கு யாரு பதில் சொல்லுவா?" பதறிப்போய்க் கழற்றி, இவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

அழகுத்தாய் அழுதாள். அந்தப் பெண்ணும் அழுதாள். கடையில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றதற்கு ஒரு கல் சோக்கரை எடுத்தாள். அப்போதும் என் பெண்டாட்டி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? "விசேஷத்துக்குப் போடு, அழகா இருக்கும். மில்லுக்கு இது தாங்காது. வருசா வருசம் இதுல போடுற காசச் சேத்து, காதுக்கு ஒரு பொட்டுத் தங்கம் வாங்கிரு." சொன்னதோடு விடவில்லை. பொங்கல் போனஸ் வந்ததும் அவளோடு நகைக்கடைக்குப் போய்ச் சின்னத் தோடு ஒன்று பார்த்து எடுத்துக் கொடுத்தாள். தன் வாடிக்கையைத் தானே கெடுத்துக்கொள்கிற வியாபாரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? என் வீட்டில் இருக்கிறாள்.

கல்யாணத்தன்று இந்து கழுத்தில் சோக்கரும் கிடந்தது, அதன் கீழே செயினும் கிடந்தது. தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் அத்தை சுடலையம்மாள் செயினை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"ஏ மதினி, எல்லாமே கடைச் சரக்குதானா?"

சுற்றி நின்றவர்கள் செயினைப் பார்க்க நெருங்கி வந்தார்கள்.

"மேல கெடக்குறது கடைச் சரக்கு மதினி. நீங்க பிடிச்சிருக்கது தங்கம்" என்றாள் அழகுத்தாய்.

"நீ சொன்னாச் சரிதான்" என்று அந்தம்மா உதட்டைச் சுழித்தாள்.

அழகுத்தாய் பத்திரிகை வைத்து அழைத்திருந்த பாண்டிசெல்வி முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். "அம்மா, அது தங்கம்னு தெரியாம ஆடியில இருந்து மார்கழி வரைக்கும் நான் போட்டிருந்தேன். இந்தக்கா வாயத் தொறக்காம எனக்கு ஒரு கவரிங்கக் குடுத்து இத மாத்தி வாங்கியிருக்கலாம், எனக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாது. தங்கம்னு எங்கிட்டயே சொன்னவுக உங்ககிட்டயா பொய் சொல்லுவாக?"

சுடலையம்மாள் செயினை விட்டாள். பிறகு அழகுத்தாயின் கையைப் பிடித்து, "வா மதினி, ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்" என்று பந்திக்குக் கூட்டிப் போனாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினேன். பந்தியில் கான்சாபுரத்துப் பெரியவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தம்பி, நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"நான் அழகுத்தாய் புருசன்" என்றேன்.