போர்த் தண்ணீரைத் தாங்கும் பேஸ்ட்

நல்லூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் பிரிண்டிங் யூனிட். கீழே நான்கு டேபிள், துணியைச் சூடேற்றி மையைப் பிடிக்க வைக்கும் மிஷின் ஒன்று. மேலே வீடு. என் வீட்டுக்காரர் வெளிவேலை பார்ப்பார், உள்ளே எல்லாம் நான்தான். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது?

ஊரில் பாதிப் பேர் தண்ணீர் கலக்கும் மைக்கு மாறிய பிறகும் நாங்கள் பிளாஸ்டிசாலை விடவில்லை. அது பிளாஸ்டிக் மை. டப்பாவைத் திறந்து அப்படியே ஸ்கிரீனில் போட்டு இழுக்கலாம், சொட்டுத் தண்ணீர் வேண்டாம். அப்புறம் குழந்தைத் துணி தைக்கும் ஒரு கம்பெனி, இனிமேல் வாட்டர் பேஸ், அதாவது தண்ணீர் மை மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. எங்களுக்கு வருஷம் முழுக்க வேலை கொடுப்பதே அவர்கள்தான். முடியாது என்று சொல்ல முடியுமா?

விற்பனைக்காரர் ஒருவர் டப்பாவோடு வந்தார். கலர் சேர்ப்பதற்கு முன்னால் இருக்கும் கெட்டியான வெள்ளைப் பசை அது, நாங்கள் பேஸ்ட் என்போம். தண்ணீர் விட்டு இளக்கிக் கலரைச் சேர்க்க வேண்டும். "ரெண்டு நாள் மூடி வச்சாலும் அப்படியே இருக்குமுங்க மேடம்," என்றார். அங்கேயே ஒரு வாளி கலக்கிக் காட்டினார். சொன்னபடியே இரண்டு நாள் கழித்தும் மயிரிழைக் கோடுகூடச் சுத்தமாக விழுந்தது. சந்தோஷமாக ஆர்டர் கொடுத்தேன்.

எங்கள் கலர் மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஆறு வருஷமாக எங்களோடு இருந்தார். என்னைவிடப் பெரியவர், ஆனாலும் என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணா என்பேன். அளவு எழுதிய தாளைச் சுவரில் ஒட்டி, பார்த்துப் பார்த்துக் கலக்கினார். காலையில் ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் பார்த்தால் முயல்குட்டி டிசைனில் மீசைக் கோடெல்லாம் பரவி, முயல் கரடியாகிவிட்டது. வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். பேஸ்ட் மோராட்டம் கிடந்தது.

"ஏனுங்ணா, கண்ண மூடிட்டுத் தண்ணிய ஊத்துனீங்களாக்கும்?"

"இல்லக்கா, அளந்துதான் ஊத்தினேன்."

"அளந்து ஊத்துனா இப்படியாகுமா? வேலைல கவனமில்லீன்னா சொல்லிருங்க, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்!"

டேபிளில் நின்ற வடநாட்டு ஆட்கள், பீஸ் மடிக்கும் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "பொய் சொல்லுதேன்னு நெனைக்கிய. சரிக்கா, நான் வாரேன்," என்று கிளம்பிப் போய்விட்டார்.

போகட்டும், இதென்ன பெரிய வித்தையா என்று மறுநாள் நானே கலக்கினேன். அதே தாள், அதே அளவு. குழாயில் தண்ணீர் பிடித்தேன், ஒரு கிராம் பிசகாமல் ஊற்றினேன். மத்தியானம் மறுபடியும் மோர்.

வாளியைப் பார்த்தபடி நின்றேன். அப்போதுதான் நினைவு வந்தது. விற்பனைக்காரர் கலக்கியபோது தண்ணீர் கேட்டார். வந்த மனுஷனுக்கு உப்புத் தண்ணீரைக் கொடுப்பார்களா? குடிக்கக் கொடுத்த அதே கேன் தண்ணீரை ஒரு ஜக்கு நிறைய நான்தான் அவர் பக்கத்தில் வைத்தேன். தினப்படி வேலைக்குக் குழாயில் வரும் எங்கள் போர்த் தண்ணீர், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். அதில் சோறு பொங்கினாலே மஞ்சளடிக்கும். விற்பனைக்காரருக்கு போன் போட்டேன். "உப்பு ஏறுனா இந்தப் பேஸ்ட் இளகிருமுங்க மேடம். அன்னிக்கு ஜக்குல இருந்தது உங்க போர்த் தண்ணிதான்னு நெனச்சேனுங்க," என்றார். அவரைத் திட்டவும் வழியில்லை.

"ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க," என்றார் வீட்டுக்காரர். அன்று சாயங்காலமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன்.

அவர் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார். "தப்பு எல்லாருக்கும் வரும்க்கா. நீங்க திட்டுனது கூடப் பெருசில்ல. அத்தன பேரு முன்னாடி திட்டுனிய."

மறுநாள் காலை மாஸ்டர் வேலைக்கு வந்ததும் அத்தனை பேரையும் நிறுத்தினேன். தப்பு மாஸ்டருடையது இல்லை, என்னுடையது என்று தமிழில் சொன்னேன். வடநாட்டு ஆட்களுக்குப் புரிய வேண்டுமே, எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் "கல்தி மேரா, மாஸ்டர் கா நஹி" என்றேன். சிரித்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது, வேறென்ன செய்ய?

அதன்பிறகு மூன்று கம்பெனிப் பேஸ்ட்டுகளை வரவழைத்தோம். மூன்றையும் போர்த் தண்ணீரில்தான் கலக்கி, மூடி, இரண்டு நாள் வைத்தோம். ஒன்று இளகியது. ஒன்று கட்டிதட்டி ஸ்கிரீனை அடைத்தது. மூன்றாவது வைத்தது வைத்தபடி நின்றது. தேர்ந்தெடுத்தது மாஸ்டர்தான். கெட்டுப்போன பீஸ்களுக்கு மாற்று அடித்துக் கொடுத்தோம், கம்பெனி வேலையும் கைவிட்டுப் போகவில்லை.

ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் மாஸ்டர் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்று கூப்பிடுகிறார். "அக்கா, தண்ணி ஊத்தப் போறேன். வந்து பாத்துக்கிடுங்க."

"நீங்களே ஊத்துங்ணா, எனக்கென்ன உங்க மேல சந்தேகமா?" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஒருநாள் கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தேன்.

அவர் முகத்தில் கோபமில்லை. அளவு ஜாடியை என் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். நான் இறங்கிப் போய்ப் பார்த்துத் தலையசைக்கும்வரை ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை.