கலர் பிள்ளையாரும் சாம்பல் மெஷினும்

க்ர்ர்ர்... க்ர்ர்ர்...

தி.நகரில் எங்கள் ஆபீஸுக்குக் கீழே எவர்சில்வர் பாத்திரக் கடை. காலையில் கடை திறந்ததும் குடத்திலும் தட்டிலும் பெயர் வெட்டுகிற மெஷின் சத்தம் ஆரம்பித்துவிடும். கூடவே பக்கத்துக் கடையில் காபிக்கொட்டை வறுக்கிற வாசனை. மாடியில் ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர், பாஸ்கர் சார், நான். அவ்வளவுதான் கம்பெனி!

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள். இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் தேதி தெரியாமல் குழம்பிப்போகும் என்று ஒரே பயம். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்களுக்கு ஏக கிராக்கி. ஊரே கோபோல் என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் படித்துவிட்டு அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. அபிராமபுரத்து வீட்டில் அப்பா எனக்கும் ஒரு கோபோல் கிளாஸில் இடம் பிடித்து வைத்துவிட்டார்.

"எல்லாரும் போயிண்டிருக்கா... நீ மட்டும் அந்தப் பொம்மையை வெச்சுண்டு ஆத்துல உக்காந்திரு!"

பொம்மை என்று அவர் சொன்னது உள்ளங்கையில் பிடிக்கிற கம்ப்யூட்டரை. எனக்கு அதன் மேல் அப்படி ஒரு பைத்தியம்! சட்டைப் பைக்குள் போகிற ஒரு பெட்டியில் நான் எழுதிய புரோகிராம் ஓடும் என்று நினைத்தாலே சாப்பாடு இறங்காது.

மயிலாப்பூரில் ஒரு மருந்து மொத்த வியாபாரி, தன் சேல்ஸ்மேன்கள் கடைகடையாகப் போய் ஆர்டர் எடுக்க அந்த மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். பாஸ்கர் சார் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இது கெடைச்சா இதே லைன்ல போறோம். இல்லேன்னா நாமளும் கோபோல்தாம்மா."

மேஜை மேல் இரண்டு மெஷின்கள்...

ஒன்று கலர். குட்டியாகக் கீபோர்டு வேறு. எங்களுக்குத் தெரிந்த விஷுவல் பேசிக்கிலேயே எழுதிவிடலாம். இன்னொன்று சாம்பல் திரை, தட்டுவதற்கு ஒரு குச்சி. அதற்கு சி என்கிற கரடுமுரடான மொழியில் எழுத வேண்டும், உள்ளே இடமோ கைக்குட்டை அளவுதான். கேட்க வேண்டுமா? கலரைத்தான் எடுத்தோம்!

பாஸ்கர் சார் பிள்ளையார் சுழி போடாமல் மளிகைச் சீட்டுகூட எழுத மாட்டார். புரோகிராம் திறந்ததும் முதலில் பிள்ளையார் படம் வரணும் என்றார். முழுத் திரையில், கலரில், மணியோசையோடு. ஏசியில் உட்கார்ந்து பார்க்கக் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது.

சோதித்துப் பார்க்க வியாபாரி தன் சேல்ஸ்மேன் சேகரை அனுப்பினார். கலர் மெஷினைப் பார்த்ததுமே சேகர் சொக்கிப்போய்விட்டார்.

"மேடம், இதுல சீட்டாட்டம்லாம் கீது! மொதலாளியாண்ட இதையே குட்த்துடச் சொல்லுங்க."

மூன்று பேரும் உஸ்மான் ரோடு பக்கம் ஒரு மருந்துக் கடைக்குப் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. மருந்துக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஆர்டர் எடுக்க வந்தவர் ஓரமாக நிற்க வேண்டும். கூட்டம் கொஞ்சம் விலகும்போது கடைக்காரர் திரும்புவார். அடுத்த ஆள் படியேறுவதற்குள் பேச்சை முடித்துவிட வேண்டும்.

கடைக்காரர் திரும்பினார். "ம்... சொல்லு நைனா."

சேகர் பட்டனை அழுத்தினார். கிரீடம் வந்தது... காது வந்தது... மணி அடித்தது... வெயிலில் திரை தெரியாமல் சேகர் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குனிந்து தேடினார். தும்பிக்கை வருவதற்குள் ஒரு அம்மா இருமல் மருந்து கேட்டு வந்துவிட்டார். கடைக்காரர் அந்தப் பக்கம் போயே போய்விட்டார்.

"இன்னா சார், புள்ளையாரு வர்றதுக்குள்ள கடைக்காரரு பூட்டாரே!"

நடுத்தெருவில் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் கோபோல் கிளாஸ் கண் முன்னால் வந்து நின்றது.

ஆபீஸுக்குத் திரும்பி, சார் நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்ட பிறகு, படத்தை எடுத்துவிட்டுப் பார்த்தோம். அப்போதும் மருந்துப் பெயர்கள் ஆற அமரத்தான் வந்தன. சாம்பல் மெஷினோ தொட்டவுடன் விழித்துக்கொண்டது. மொட்டை மாடிக்கு எடுத்துப் போனேன். வெயிலில் இன்னும் பளிச்சென்று தெரிந்தது!

"சார், நான் சி-யில எழுதிடறேன்."

"ஒனக்கு சி தெரியுமாம்மா?"

"காலேஜ்ல பாஸ் பண்ணிருக்கேன் சார்..."

சார் வாய்விட்டுச் சிரித்தார். சரி என்றார். ஆனால் பிள்ளையார் இல்லாமல் முடியாது என்றும் சொல்லிவிட்டார். படத்துக்கு இடம் ஏது? மேல் மூலையில் இருபது முப்பது புள்ளிகளில் ஒரு 'உ' போட்டேன். திறக்கும் நேரத்தில் அது கண்ணிமைப்பைக்கூடத் தின்னவில்லை.

மறுபடி சோதனை, மயிலாப்பூர் குளத்தை ஒட்டிய ஒரு கடையில். இந்த முறை வியாபாரியே வந்து ஓரமாக நின்றார். கடைக்காரர் "ம்..." என்றார். சேகர் குச்சியால் தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெரியவர் படியேறி வருவதற்குள் ஆர்டர் முடிந்தே விட்டது!

வியாபாரி மெஷினை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். மூலையில் இருந்த 'உ'வைக் கண்டதும் மெஷினை அப்படியே கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மத்த சேல்ஸ்மேனுக்கெல்லாம் எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் அபிராமபுரம் வரை நடந்தே வீட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்த அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என்னடி, பொம்மை பொழைச்சுடுத்தா?"

இப்போது திருவான்மியூரில் வீடு, பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஆபீஸ். புரோகிராமை எல்லா போனுக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதலாமா, தனித்தனியாக எழுதலாமா என்று என்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகள் ஸ்லைடு போட்டு வாதம் செய்கிறார்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. நான் கேட்பது மட்டும் எப்போதும் ஒன்றே. "வெயில்ல நின்னு பாத்தீங்களாப்பா?" வீடியோ காலில் எல்லோரும் அவரவர் ஸ்லைடைப் புரட்டித் தேடுவார்கள். அந்தத் தெருவும், அந்த வேர்வையும், சேகரின் கேலியும் இவர்களுக்கு வாய்க்கவில்லையே என்று இருக்கும்.

என் புரோகிராம் எல்லாவற்றிலும் முதல் வரியில் இன்றைக்கும் ஒரு 'உ' உண்டு. போன வாரம், வடக்கேயிருந்து புதிதாகச் சேர்ந்த பெண், கைதவறி விழுந்த எழுத்து என்று நினைத்து அதை அழித்துவிட்டாள். நான் கண்டுபிடித்துச் சொன்னதும், அது எதற்கு என்று கேட்டாள். கடைக்காரர் திரும்பும்போது நாம் தயாராக இருக்க வேண்டும், அதற்கு என்றேன். ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் மறுபடி போட்டுவிட்டேன்.