என் தம்பிக்கு நான் வைத்த பேர்

என் தம்பி ஷம்ஹான் ஏன் சிரியாவுக்குச் சண்டைக்குப் போனான் என்று கேட்க மாலத்தீவின் தலைநகர் மாலேயிலிருந்து எங்கள் தீவுக்கு அதிகாரிகள் வந்தார்கள். வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரர்களும் வந்தார்கள். எந்தப் பள்ளிவாசலில் தொழுதான், யாருடைய மார்க்கப் பயான் கேட்டான், வீட்டில் கஷ்டமா என்றெல்லாம் துருவினார்கள். எனக்கு அவன்மேல் பொறாமையா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

எனக்குப் பத்து வயதில் அவன் பிறந்தான். அதுவரை சூரைமீனின் வயிற்றுத் துண்டு என் தட்டுக்குத்தான் வரும். அவன் பிறந்ததும் அது உம்மாவின் தட்டுக்குப் போனது. "நான் தின்னாத்தானே தம்பிக்குப் பால் ஊறும்" என்றார். அவனுக்குப் பல் முளைத்த பிறகு நேராக அவன் தட்டுக்கே போய்விட்டது.

ஒன்பது வயதில் அவனை முதல்முறை மீன்பிடித் தோணியில் ஏற்றினோம். பவளத்திட்டைத் தாண்டியதுமே வாந்தி. சாயங்காலம் கரையில் வலைநாற்காலிகளில் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தவர்களிடம் நான்தான் போய், அவன் ஓங்கரித்ததை நடித்துக் காட்டினேன். "இனிமே இவன் பேரு ஓங்காளம்" என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எங்கள் தீவில் மொத்தமே நானூறு பேர். எல்லோருக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு. ஒருமுறை ஒட்டிக்கொண்டால் செத்தாலும் உரியாது.

பதினேழு வயதில் அவனைப்போல் தூண்டில் கம்பு வீச ஆளில்லை. மீன்கூட்டம் வந்ததும் தோணியின் பின்புறம் எல்லோரும் வரிசையாக நின்று வீசுவோம். வலது மூலை கைதேர்ந்தவனுக்கு உரியது. அந்த மூலைக்காகப் பதினோரு வருடம் காத்திருந்தவன் நான். தோணியை நடத்தும் எங்கள் தண்டல் மூஸா அதைத் தூக்கி அவனிடம் கொடுத்தார். எனக்குப் பற்றி எரிந்தது. ஆனால் மூலையில் நின்றவனையும் ஊர் ஓங்காளம் என்றுதான் கூப்பிட்டது. அது கொஞ்சம் இதமாக இருந்தது.

சில வருடம் கழித்து, பக்கத்துத் தீவில் ஷாஸ்னா என்ற பெண்ணை அவனுக்குக் கேட்கப் போனோம். அவளுடைய வாப்பா, "எந்த ஷம்ஹான்? அந்த ஓங்காளமா?" என்றார். வீடே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். பெண் தரவில்லை.

திரும்பி வரும்போது படகில் என்னிடம் மெல்லக் கேட்டான். "காக்கா, கூடப்பிறந்த அண்ணன் நீங்க சொன்னா நிறுத்திருவாங்க."

"எதுக்குடா? செல்லமாத்தானே கூப்பிடுறாங்க."

"அவங்களும் செல்லமாத்தான் சிரிச்சாங்க."

அந்த மாதமே மாலேக்குப் போய்விட்டான். ஒரு அறையில் ஒன்பது பேர், ஒரே மெத்தையில் முறைவைத்துத் தூக்கம். அங்கேயும் எங்கள் தீவுக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், பட்டப்பேரும் போய்ச் சேர்ந்தது. பிறகு ஒரு கூட்டத்தோடு பழகினான். அவர்கள் அவனைச் சிரிக்காமல் கூப்பிட்டார்கள், பக்கத்தில் உட்காரவைத்துத் தோளில் கைபோட்டார்கள். அபூ என்று தொடங்கும் பெரிய பேர் ஒன்றும் வைத்தார்கள்.

ஒருமுறை ஊருக்கு வந்தவன், உம்மாவின் மூட்டுவலிக்கு மருந்து வாங்கத் திருவனந்தபுரம் போவதாகச் சொன்னான். திருவனந்தபுரம் போகிறவனைச் சும்மா அனுப்ப எங்கள் ஊருக்குத் தெரியாது. மிளகாய்த்தூள், மூக்குக்கண்ணாடி, பாவாடைத் துணி என்று ஆளாளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மறுக்காமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். நான் மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை. அவன் கையால் ஒன்று வாங்குவதா என்று வீம்பு. ஒரு மாதம் கழித்து, துருக்கி எல்லையைத் தாண்டிச் சிரியாவுக்குள் போய்விட்டான் என்று சேதி வந்தது. சீட்டுகள் அத்தனையும் அவன் தலையணைக்கு அடியில் மடித்தபடி இருந்தன.

அவன் போன பிறகாவது எனக்கு நிம்மதி வந்ததா என்றால் இல்லை. மூலை எனக்குக் கிடைத்தது. ஆனால் கம்பு தவறும்போதெல்லாம் தண்டல், "ஷம்ஹான் நின்ன எடம்டா அது, பாத்து வீசு" என்பார். பாருங்கள், அப்போது மட்டும் சொந்தப் பேர். உம்மா தினமும் வயிற்றுத் துண்டைத் தனியாக எடுத்து மூடிவைத்து, மறுநாள் பூனைக்குப் போட்டார். பூனைக்குப் போட்டாலும் எனக்குத் தரவில்லை.

எட்டு மாதம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தேன். உம்மா கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய போன் அடித்தது. எடுத்தால் திரையில் ஷம்ஹான். இளைத்துப் போயிருந்தான். பின்னால் சற்றுத் தள்ளி மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"காக்கா, உம்மாட்ட குடுங்க" என்றான் தணிந்த குரலில். "வான்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க, போதும். வந்துர்றேன். இந்த வாரம் ஒரு வழி இருக்கு."

கிணறு பத்தடி தூரம்தான். உம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுவதும், தண்டல் மூலையைத் திருப்பிக் கொடுப்பதும் என் கண்முன் வந்தன. வந்தால் ஜெயிலுக்குத்தான் போவான் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

"என்னடா ஓங்காளம்" என்றேன் சத்தமாக. "அங்கயும் வாந்தி எடுத்துட்டியா?"

பின்னால் இருந்தவர்களில் ஒருவன் எங்கள் நாட்டுக்காரன் போலிருக்கிறது. களுக்கென்று சிரித்து, அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னான். ஷம்ஹான் அவனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இங்க யாருக்கும் தெரியாம இருந்துச்சு, காக்கா" என்றான். இணைப்பு போய்விட்டது.

உம்மா ஈரக்கையோடு வந்தார். "போன்ல யாருப்பா?"

"தப்பான நம்பரு, உம்மா." அழைப்பு வந்த தடத்தையும் அழித்துவிட்டுத்தான் போனை அவர் கையில் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் அவன் செத்துவிட்டதாகச் சேதி வந்தது. உடலும் இல்லை, கபரும் இல்லை என்பதால் உம்மா நம்பவில்லை. ஆறு வருடமாகப் போனில் சார்ஜ் இறங்க விடுவதில்லை. குளிக்கப் போனாலும் கிணற்று விளிம்பில் வைத்துக்கொண்டு குளிக்கிறார். நான் கடலிலிருந்து திரும்ப மூன்று நாள் தாமதமானாலும் அந்தப் போனைத் தொட்டு எனக்கு அடித்ததில்லை. அவன் கூப்பிடும்போது லைன் பிஸியாக இருந்துவிடுமாம்.

என்ன செய்தவன் நான் என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும், உம்மா போனைத் துடைத்து மடியில் வைத்துக்கொள்ளும்போது எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது.